பயம் பட்டியலில் இல்லை

கெனாங்கா தோட்டத்தில் மழை பெய்தால், மழை பெய்கிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதைச் சொல்வதற்கென்று ஒரு சபை இருந்தது.

மலாயாவில், ஸ்கூடாய் ஆற்றுக்கு மேற்கே காட்டை அழித்து நட்ட ரப்பர் தோட்டம் அது. வருஷம் 1932. ரப்பரைக் கேட்பாரில்லை என்று ஆட்களைக் குறைத்து, தோட்டம் தோட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த நேரம். ஆனால் கெனாங்கா துரைக்குக் கவலையெல்லாம் குருவிகளைப் பற்றியும் அந்திவானத்தைப் பற்றியும்தான். மாதம் தவறாமல் சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு இயற்கையை வருணித்துக் கட்டுரை அனுப்புவார். ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி ஜெயபாலன் இதைக் கவனித்தார். ஒரே மாதத்தில் ‘கெனாங்கா இயற்கை வருணனைச் சபை’ பிறந்துவிட்டது. அவரே தலைவர். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கனகராஜ் செயலாளர். மளிகைக்கடை சாதிக் பாட்சா உறுப்பினர். இரண்டு பேரை வைத்துக்கொண்டு சபை என்றால் சிரிப்பார்களே என்பதற்காக அவரைச் சேர்த்தார்கள்.

துரைக்கு ஒரே பூரிப்பு. காடு, ஆறு, மழை, மிருகம் பற்றி ஆட்கள் கொண்டுவரும் எந்தச் சேதியும் இனிமேல் சபை வழியாகத்தான் ஆபீசுக்கு வரவேண்டும் என்று உத்தரவு போட்டார். சபை தமிழில் அலங்கரிக்கும், ஜெயபாலன் இங்கிலீஷில் பெயர்ப்பார், துரை படித்து ரசிப்பார். கூலிகள் மொட்டையாகச் சொல்வதைக் கேட்டுக்கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டதாம்.

போன நவம்பரில் சுங்கை, அதாவது தோட்டத்தோரத்துச் சிற்றாறு, பெருகி வந்தபோது, வெள்ளத்தைச் சீறும் நாகம் என்பதா, தாய்வீடு திரும்பும் மகள் என்பதா என்று இரண்டு கூட்டம் நடந்தது. கடைசியில் மகளே ஜெயித்தாள். அறிக்கை ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது மரப்பாலமும் மகளோடு போயிருந்தது. அறிக்கைக்குத் துரை பாராட்டு எழுதி அனுப்பினார். பாலத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இப்படிப்பட்ட தோட்டத்தில்தான் சின்னத்தம்பி பால் வெட்டிக்கொண்டிருந்தான். ஏழாம் நம்பர் தீம்பார் என்ற வெட்டுக்காட்டில் மேட்டு மரங்களின் நிரை அவனுடையது. அதற்குக் கீழே, சுங்கை ஓரமாக ஓடும் நிரை அவன் மனைவி அங்கம்மாவுடையது. அங்கம்மாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காது சத்தமாகச் சொன்னால் கேட்கும். வேலையில் மட்டும் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு திங்கட்கிழமை விடியலில், நாலாவது மரத்தில் கத்தியை வைத்தபோது சின்னத்தம்பிக்கு ஒரு நாற்றம் அடித்தது. அதுவரை கத்திக்கொண்டிருந்த பூச்சிகள் எல்லாம் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டன. அவன் விளக்கைத் தூக்கிப் பார்த்தான். பத்தடிக்கு அப்பால் அது நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று அவனுக்கே தெரியாது. திறந்தபோது அது இல்லை. அது போயிருந்த திசையில் அங்கம்மாவின் நிரை இருந்தது.

ஓடினான். அவள் பாட்டுக்குப் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஈரமண்ணில், சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஒரு தடம். அதற்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

“என்னா இப்படி வேர்த்துக் கிடக்கு?” என்றாள் அங்கம்மா.

“பெரியவர்” என்றான் அவன், அவள் வலது காதுக்குள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். காட்டோரத்தில் வேலை செய்பவர்கள் அந்த மிருகத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூப்பிட்ட மாதிரி, வந்து நிற்கும். பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருக்கும் மலாய்க்காரர்கள் டத்தோ, தாத்தா, என்பார்கள். தோட்டத்து ஜனங்கள் பெரியவர் என்பார்கள். பதினேழு வருஷமாக அந்தப் பெயர் சின்னத்தம்பியின் நாக்கில் வந்ததில்லை.

அவன் கங்காணியிடம் ஓடினான். ஏழாம் நம்பரை மூடுங்கள், இல்லாவிட்டால் அவள் நிரையை எனக்குக் கொடுத்து என் நிரையை அவளுக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினான்.

“நிரை மாத்தறதுன்னா ஆபீஸ் உத்தரவு வேணும்” என்றார் கங்காணி. “மிருக விஷயம்லா இது, சபைக்குப் போ. வேலைக்கு வரமாட்டேன்னு மட்டும் சொல்லிடாத. கப்பல் லிஸ்ட்ல இன்னும் நாலு பேருக்கு இடம் இருக்கு.”

சபை அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கூடியது. சுவரில் ஒரு பலகையில் விதிகள் எழுதித் தொங்கின. மேசைமேல் ஒரு படிவம். கனகராஜ் வாத்தியார் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டார்.

“என்ன பார்த்தே, சொல்லு” என்றார் ஜெயபாலன்.

“பெரியவர் வந்திருக்காருங்கய்யா. ஏழாம் நம்பர்ல. என் பொஞ்சாதி நிரையில.”

ஜெயபாலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வாத்தியார், கேட்டீங்களா? பேரைச் சொல்லாம பொருளை உணர்த்திட்டான். நாலாம் விதி. நாம ஒருத்தருக்கும் சொல்லிக் கொடுக்காமயே இவனுக்கு வந்திருக்கு.”

“அது பயத்துல சொல்றதுங்கய்யா.”

“அதெல்லாம் அப்புறம். நாலாம் விதி என்ன சொல்லுது? வருணிக்கிற பொருளோட பேரை நேரா சொல்றது குற்றம். அறிக்கையில எந்த இடத்துலயும் அந்தப் பேர் வரக்கூடாது. எழுதிக்குங்க வாத்தியார்.”

பிறகு படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார்கள். நிறம் என்ன என்று கேட்டார்கள். மஞ்சள் என்றான். எந்த மஞ்சள், பொன்னா, கொன்றைப் பூவா, அரைத்த மஞ்சளா என்று கேட்டார்கள். அவனுக்குத் தெரியவில்லை. கோடுகள் எத்தனை என்று கேட்டார்கள். எண்ணவில்லை என்றான். நடை எப்படி என்று கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டதை ஒப்புக்கொண்டான்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அழகு நேர்ல வந்து நிக்குது, நீ கண்ண மூடிக்கிட்டே” என்றார் கனகராஜ் மெதுவாக. தப்புக் கணக்குப் போட்ட பிள்ளையிடம் பேசும் குரல் அது. “சரி, போவட்டும். என்ன உணர்ச்சி ஏற்பட்டுச்சு?”

“பயம்ங்க.”

வாத்தியார் படிவத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். சின்னத்தம்பி மூணாம் வகுப்பு வரை படித்தவன், எழுத்துக் கூட்டிப் படித்தான். வியப்பு, மகிழ்ச்சி, அமைதி, பரவசம், இரக்கம் என்று ஐந்து இருந்தன.

“இதுல ஒண்ணைச் சொல்லு” என்றார். “பயம் பட்டியல்ல இல்ல.”

“இயற்கையைப் பார்த்துப் பயந்தேன்னு எழுதினா அது இயற்கைமேல அவதூறு” என்றார் ஜெயபாலன். “தொர படிச்சா என்ன நினைப்பாரு? நம்ம ஆளுங்களுக்கு ரசனை இல்லைன்னு நினைக்க மாட்டாரா?”

அதுவரை வாயைத் திறக்காத சாதிக் பாட்சா, “தம்பி, எந்தப் பக்கமா போச்சுன்னு பார்த்தீங்களா? நம்ம கடைப் பக்கமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி வருணனைக்குப் பொருந்தாதது என்று குறிப்பிலிருந்து நீக்கினார்கள். சாதிக் பாட்சா மறுநாளிலிருந்து நாலு மணிக்கே கடையைச் சாத்த ஆரம்பித்தார். கூட்டத்துக்காகச் சாத்துவதாகச் சொல்லிக்கொண்டார்.

உணர்ச்சி என்ற இடத்தில் ‘வியப்பு’ என்று போட்டுவிட்டு, மீதிக்காக மறுநாளும் போய்க் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்து வரும்படி சின்னத்தம்பிக்கு உத்தரவாயிற்று.

அன்று ராத்திரி லயத்து வீட்டில் அவன் சாப்பிடவில்லை. மாட்டுக் கயிறு ஒன்றைத் தேடி எடுத்தான். விடிந்ததும் அதன் ஒரு நுனியை அங்கம்மாவின் இடுப்பிலும் மறு நுனியைத் தன் இடுப்பிலும் கட்டினான். கயிறு நீளம் என்பதால் மேட்டு நிரைக்கும் கீழ் நிரைக்கும் எட்டியது. ஆனால் மரத்துக்கு மரம் சிக்கியது.

“நான் இழுத்தா ஓடு. திரும்பிப் பார்க்காத” என்றான்.

“நீ இழுக்காம அதுவா இழுத்துச்சுன்னா?” என்றாள்.

அவன் அவள் இடுப்பு முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினான். அன்று முழுக்க அவன் மரத்தைப் பார்த்து வெட்டவில்லை, கயிற்றைப் பார்த்துத்தான் வெட்டினான். ஒவ்வொரு முறை அது வேரில் மாட்டி இறுகியபோதும் கத்தியை நிறுத்திவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தான். மூன்று தடவை அவனறியாமல் இழுத்துவிட்டான். மூன்று தடவையும் அவள் வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். பால் குறைந்ததற்காகக் கங்காணி இரண்டு பேரையும் திட்டினார். அன்று பெரியவர் வரவில்லை. கங்காணியின் நாயின் கழுத்துப்பட்டை மட்டும் சுங்கை ஓரத்தில் கிடந்தது. பட்டைக்குள் நாய் இல்லை.

சின்னத்தம்பி பட்டையைக் கொண்டுபோய்ச் சபையின் மேசைமேல் வைத்தான். கனகராஜ் வாத்தியார் இரண்டு விரலால் அதை எடுத்துக் கீழே போட்டார்.

“இது வருணனைக்கு ஆவாது” என்றார். “செத்துப்போறது, தின்றது, இதெல்லாம் விவரம். விவரம் வேற, வருணனை வேற.”

“ஐயா, நாயைத் தின்னது நாளைக்கு ஆளைத் தின்னும்ங்க.”

“பார்த்தீங்களா, ஆரம்பிச்சிட்டான்” என்றார் ஜெயபாலன். “தின்னும், கடிக்கும், கொல்லும். இப்படிப் பார்த்தா உலகத்துல எதை ரசிக்க முடியும்? நான் ஆபீஸ்ல உக்காந்து பதினோரு வருஷமாச்சு, காட்டை எத்தனை தடவை வருணிச்சிருக்கேன். ஒரு தடவையாவது பயந்திருக்கேனா?”

அப்படிச் சொன்ன பிறகு நேரில் பார்க்காமல் இருப்பது நன்றாக இராது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, வெயில் நன்றாக ஏறிய பிறகு, சபை ஏழாம் நம்பருக்குப் புறப்பட்டது. ஜெயபாலன் குடை பிடித்திருந்தார். வாத்தியார் குறிப்புப் புத்தகம் வைத்திருந்தார். சாதிக் பாட்சா கையில் ஒரு தகரமும் கட்டையும் இருந்தன, எதற்கென்று யாரும் கேட்கவில்லை. மேட்டுப் பாதையிலேயே மூவரும் நின்றுகொண்டார்கள். இயற்கையைச் சற்றுத் தூரத்திலிருந்து பார்த்தால்தான் முழு அழகும் தெரியும் என்றார் ஜெயபாலன். சின்னத்தம்பியை மட்டும் கீழே போய்ச் சுங்கை ஓரத்துப் புதரை விலக்கிப் பார்க்கச் சொன்னார்கள்.

அவன் போனான். கீழே அங்கம்மா வாளியில் பால் சேர்த்துக்கொண்டிருந்தாள். கயிறு இரண்டு பேருக்கும் நடுவே தொங்கியது.

“அந்தக் கயிறு ரொம்ப நல்லா இருக்கு” என்று மேலிருந்து வாத்தியார் சொன்னது அவனுக்குக் கேட்டது. “தாம்பத்தியத்துக்கு எடுத்துக்கலாம். ஆனா இந்த அறிக்கையில சேராது.”

புதருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. உரக்க வரவில்லை. அடிவயிற்றிலிருந்து, நெல் குத்தும் இயந்திரம் தூரத்தில் ஓடுகிற மாதிரி, நிற்காமல் வந்தது. சின்னத்தம்பியின் காலுக்கடியில் மண் அதிர்ந்தது. அங்கம்மாவுக்கு அது கேட்கவில்லை. அவள் குனிந்து அடுத்த மரத்துப் பால்கிண்ணத்தை எடுத்துப் பாலை வாளியில் கவிழ்த்தாள். அவளுக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவே ஆறேழு மரங்கள்தான் இருந்தன. அவன் கயிற்றை இழுத்தான். வேரில் மாட்டியிருந்தது, வரவில்லை. கத்த வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அவன் வாழ்நாளிலேயே பெரிய பயம் அதுதான். இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை.

மேலே சாதிக் பாட்சா தகரத்தைத் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டு, கட்டை உடையும்வரை தட்டினார். புதர் அசைந்தது. சத்தம் நின்றது. சின்னத்தம்பி ஓடிப்போய் அங்கம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடேறினான். பாதையில் ஒரு குடை கிடந்தது. குடைக்காரரும் வாத்தியாரும் அதற்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

அறிக்கை அன்றே தயாராகிவிட்டது. ஜெயபாலன் அதை நின்றுகொண்டு வாசித்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“ஏழாம் எண் வனத்திலே, வைகறைப் பொழுதிலே, பொன்னாடை போர்த்திய விருந்தினர் ஒருவர் மரத்துக்கு மரம் மெல்ல அடியெடுத்து வைத்து எழுந்தருளுகின்றார். அவரது ஆடையிலே கருங்கோடுகள் அணியணியாய் அசைகின்றன. அவர் வரவறிந்து பூச்சியினங்களும் பேச்சடங்கி நிற்கின்றன. மெல்லிய முழவொலி நிலத்திலிருந்து எழுகின்றது. கண்டோர் வியப்பும் அமைதியும் எய்துகின்றனர்.”

“ஐயா” என்றான் சின்னத்தம்பி, “இதுல அது எங்க இருக்கு?”

“எல்லா இடத்துலயும் இருக்கு” என்றார் கனகராஜ். “அதுதான் இதோட சிறப்பு.”

“ஏழாம் நம்பரை மூடணும்னு எழுதலையேங்க.”

“இவ்வளவு அழகா எழுதிட்டுக் கடைசியில மூடணும்னு போட்டா, ரசம் கெட்டுடும்” என்றார் ஜெயபாலன்.

வியாழக்கிழமை துரையிடமிருந்து பதில் வந்தது. இரண்டு பக்கம் எழுதியிருந்தார். ரப்பர் மரங்களுக்கிடையே காலை வெயில் மஞ்சளும் நிழலுமாக வரிவரியாய் விழுவதை இத்தனை நயமாக வருணித்த அறிக்கையைத் தாம் இதுவரை படித்ததே இல்லை என்றும், அதைச் சொந்தச் செலவில் அச்சுப் போடப்போவதாகவும் எழுதியிருந்தார். கூடவே ஓர் உத்தரவும் இருந்தது. இவ்வளவு அழகு தினமும் தம் ஆட்களுக்கு முன்னால் வீணாகிறதே என்று அவர் மனம் வருந்தினாராம்.

சின்னத்தம்பி ஆபீசுக்கே ஓடி ஜெயபாலனின் மேசைக்கு முன்னால் நின்றான். “ஐயா, தொரகிட்ட வாயால சொல்லிடுங்க. அது வெயில் இல்லைன்னு சொல்லிடுங்க.”

ஜெயபாலன் குரலைத் தாழ்த்தினார். “தொர ரசிச்சிட்டாருப்பா. ரசிச்ச மனுஷன்கிட்ட போய், நீங்க தப்பா ரசிச்சிட்டீங்கன்னு நான் சொல்றதா? என் பேரும் கப்பல் லிஸ்ட்ல ஏறணுமா? நீ ஒண்ணும் பயப்படாத. அறிக்கை நல்லபடியா போயிருச்சு.”

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். துரையும் காரில் வந்திருந்தார், ஆட்களின் முகத்தில் மகிழ்ச்சியைப் பார்ப்பதற்காக. ஜெயபாலன் விளக்கடியில் நின்று உத்தரவைப் படித்தார்.

“ஏழாம் நம்பர் ஆட்கள் இன்று முதல் அரை மணி நேரம் முன்னதாகப் போகவேண்டும். விளக்கு கொண்டுபோகக் கூடாது. விளக்கின் வெளிச்சம் இயற்கையின் அழகைக் கெடுக்கும். தனித்தனியாக, சத்தமில்லாமல் போய், மரத்தடியில் அமைதியாக நின்று, விருந்தினரை வரவேற்கவேண்டும்.”

ஏழாம் நம்பர் ஆட்கள் பதினாலு பேர். எல்லோருக்கும் விஷயம் தெரியும். எல்லோருக்கும் கப்பலும் தெரியும். முதல் ஆளாக அங்கம்மா வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். உத்தரவில் பாதி அவள் காதில் விழவில்லை, விழுந்த பாதியில் போகவேண்டும் என்று இருந்தது. கங்காணி அவள் கையிலிருந்த விளக்கை வாங்கி ஊதி அணைத்தார்.

அணைந்த விளக்கின் புகை சின்னத்தம்பியின் மூக்கில் ஏறியது. இருட்டுக்குள் அவள் முதுகு நாலு எட்டு போய்விட்டது. அவன் பதினேழு வருஷமாகக் கட்டிவைத்திருந்த நாக்கைப் பிரித்து வாயைத் திறந்தான்.

“புலி.”

சின்னக் குரல்தான். ஆனால் களம் முழுக்கக் கேட்டது. கிழவிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கங்காணி தன்னை அறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கம்மா நின்று திரும்பினாள்.

“என்னா சொன்னே? கேக்கல.”

இரண்டாம் முறை சொன்னால் அது நிச்சயமாக வந்துவிடும் என்று நம்பினான். நம்பிக்கொண்டே, அவள் வலது காதுக்குக் கேட்கிற மாதிரி, அடித்தொண்டையிலிருந்து கத்தினான்.

“புலிடீ. உன் நிரையில புலி நிக்குது. போவாத.”

அங்கம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் பதின்மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பிறகு களமே உட்கார்ந்தது.

துரைக்கு மொத்தம் ஏழெட்டுத் தமிழ் வார்த்தைகள் தெரியும். அதில் இது ஒன்று. ஜெயபாலனை ஒரு பார்வை பார்த்தார். துரையின் முகத்தில் வியப்பும் இல்லை, அமைதியும் இல்லை. காரில் ஏறினார், கதவைச் சாத்தினார், கண்ணாடியை ஏற்றினார், பங்களாவுக்குப் போய்விட்டார். ஏழாம் நம்பர் மூடப்பட்டது என்ற உத்தரவு அங்கிருந்து ஒரே வரியில் வந்தது. உவமை எதுவும் இல்லை.

மத்தியானம் கம்பத்திலிருந்து துப்பாக்கியோடு நாலு பேர் வந்தார்கள். அங்கம்மாவின் மூன்றாவது மரத்தடியில் புல் படுத்துக்கிடந்தது, சூடு ஆறியிருந்தது. அது விடியலில் அங்கே படுத்துக் காத்திருந்திருக்கிறது. வந்தவர்கள் சுங்கை தாண்டித் தடம் போவதைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்தாலும் வரும் என்று சொல்லிப் போனார்கள்.

அன்று சாயங்காலம் சபை அவசரமாகக் கூடியது. நாலாம் விதியை ஒரே நாளில் இரண்டு முறை மீறியதாகச் சின்னத்தம்பிமேல் குற்றச்சாட்டு. அவன் ஒப்புக்கொண்டான். இனி ஒரு வருஷத்துக்கு அவன் இயற்கையைப் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அப்படியே ஆகட்டும் என்றான் சின்னத்தம்பி. சாதிக் பாட்சா மட்டும் தீர்ப்பில் கையெழுத்துப் போடாமல், உடைந்த கட்டைக்குப் பதில் புதுக் கட்டை வெட்டப் போனார்.

கூட்டம் முடிந்தபோது வெளியே மங்கிக்கொண்டு வந்தது. ஜெயபாலன் வாசல்வரை போனார், நின்றார், திரும்பி வந்தார்.

“சின்னத்தம்பி, என் வீடுவரை முன்னாடி நட” என்றார். “வழியில அந்தப் பேரைச் சொல்லிடாத.”

அவன் நடந்தான். பின்னாலிருந்து பெரிய கிராணியின் கை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. ஒரு சருகு விழுந்தாலும் அந்தக் கை இறுகியது. வீட்டு வாசல் வந்தபோது சட்டையில் இரண்டு தையல் விட்டிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்துப் பலகையில் புதிதாக ஒரு விதி எழுதியிருந்தார்கள். சின்னத்தம்பி அதை அங்கம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினான்.

“உணர்ச்சிப் பட்டியலில் ஆறாவதாகப் பயம் சேர்க்கப்படுகிறது. இது கிராணி தரத்துக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் மட்டும்.”

“அப்ப நமக்கு?” என்றாள் அங்கம்மா.

“நமக்குப் பழையபடி வியப்புதான்.”

அடுத்த நாள் வேலைக்குக் கிளம்பும்போது அவள் கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டு மறு நுனியை அவனிடம் நீட்டினாள். அவன் கட்டிக்கொண்டான். ஏழாம் நம்பர் ஆட்களுக்கு இனி எட்டாம் நம்பர் தீம்பார், அதுவும் சுங்கைக்கு இந்தப் பக்கம்தான். விடியலில் இருவரும், அனுமதி இல்லாமலே பயந்துகொண்டு, அங்கே வேலைக்குப் போனார்கள்.